ஏணியில் எந்தப் படி? மதனப்பள்ளி முதல் சென்னை வரை

கற்க வேண்டியது எது, அதில் கைவந்தது எவ்வளவு, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்ற மூன்றையும் ஆசிரியரைக் கேட்காமலே மாணவர் அறிந்திருக்கும் நிலைக்குத் தன்மதிப்பீடு என்று பெயர். கல்வியியல் நூல்கள் இதைப் பெரும்பாலும் மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் உரிய விஷயமாகவே பேசுகின்றன. ஆறு வயதுப் பிள்ளை, அதுவும் எழுத்து இன்னும் முழுதாகப் பிடிபடாத பிள்ளை, இதைச் செய்யும் என்று நம்பி ஒரு பள்ளி முறை தென்னிந்தியாவில் உருவாயிற்று. அதன் தடங்கள் ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார், மைசூர் மாவட்டங்கள், சென்னை மாநகராட்சி என்று சிதறிக் கிடக்கின்றன. சென்னையில் புறப்பட்டுச் சென்னைக்கே திரும்பும் ஒரு சாலைப் பயணத்தில் இவை எல்லாவற்றையும் தொட்டுவிடலாம்.

மதனப்பள்ளி சென்னையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ராணிப்பேட்டைப் பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு விலகினால் சித்தூர். சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையே மொகிலி மலைப்பாதை. அதில் ஏறி முடித்தால் தக்காண மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டரை ஒட்டிய உயரம். சமவெளியின் புழுக்கம் விலகிவிடுகிறது, கூடவே மழையும் குறைந்துவிடுகிறது. குன்றென்றால் இங்கே ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் மொட்டைப் பாறைகள்தாம். சாலையோரம் புளியமரங்கள், மானாவாரியில் நிலக்கடலை, கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடங்களில் தக்காளி. வழியில் வரும் புங்கனூர், குட்டை மாட்டுக்குப் பேர்போன ஊர். மதனப்பள்ளித் தக்காளிச் சந்தை நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று. கோயம்பேட்டுக்கும் இங்கிருந்து லாரிகள் போகின்றன.

இந்த மண்ணின் வறட்சியைப் பார்த்த பிறகுதான் அந்தப் பள்ளி முறை புரியும். கடலை பிடுங்கும் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் நிற்பவர்கள் ஆண்டு முழுவதும் உண்டு. சில வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்கு வகுப்பு எங்கேயோ போயிருக்கும். தான் விட்ட இடம் எது என்பது அதற்கும் தெரியாது, ஆசிரியருக்கும் நினைவிருக்காது. இப்படி இரண்டு மூன்று முறை ஆனபின் அது பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும். ஓராசிரியர் பள்ளி என்றால் தொல்லை இன்னும் பெரிது. ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற நான்கும் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளையின் கையிலேயே மதிப்பீட்டைக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வரத் தத்துவத்தைவிட இந்த நெருக்கடிதான் பெரிய காரணமாக இருந்தது.

தத்துவமும் பக்கத்தில் இல்லாமல் போகவில்லை. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-ல் பிறந்த ஊர் மதனப்பள்ளி. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவதும், போட்டியும், அவை கொண்டுவரும் அச்சமும் கற்றலைக் கெடுக்கின்றன என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஊரின் பெசன்ட் தியசாபிகல் கல்லூரிக்கு 1919-ல் வந்து தங்கிய ரவீந்திரநாத் தாகூர், ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் இங்கேதான். கல்லூரிக்கு இன்றும் பெருமை தருவது அந்த ஒரு சம்பவம். கல்வியைப் பற்றி அறிய வருகிறவர் அங்கே நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் ரிஷிவேலி. பாறைக் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியால் 1926-ல் தோற்றம் கொண்ட கல்வி நிலையம் அது. நடுவில் பழைய ஆலமரம், வளாகமெங்கும் பறவைகள், விடுதியில் தங்கிப் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று வெளியூர்க்காரர் கேள்விப்பட்ட ரிஷிவேலி ஒன்று உண்டு. இந்தப் பயணத்துக்கு உரியது அதன் வேலிக்கு வெளியே இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் ஒய்.ஏ. பத்மநாப ராவ், ஏ. ரமா என்ற ஆசிரியத் தம்பதி, சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகளுக்காகச் சிறு பள்ளிகளை அமைக்கத் தொடங்கினர். துணைக்கோள் பள்ளிகள் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றிலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள், சுற்றிலும் ஒரு சிறு தோட்டம். அங்கே பாடநூலுக்கு மாற்றாக உருவான அட்டைத் தொகுப்பு ‘பெட்டிக்குள் ஒரு பள்ளி’ என்று அறியப்பட்டது. ஒரு பெட்டியில் அடங்கிவிடும் அந்த அட்டைகள்தாம் பின்னர் மாநிலம் தாண்டிப் போனவை.

அட்டைகளைவிட முக்கியமானது சுவரில் இருக்கும் ஏணி. கற்க வேண்டிய மொத்தமும் சின்னச் சின்னப் படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு, கீழிருந்து மேலாக ஒரே தாளில் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் எழுத்துக்குப் பதில் ஒரு படச் சின்னமும் எண்ணும். தன் படியின் சின்னத்தைப் பார்த்துக்கொண்ட பிள்ளை, அதே சின்னம் ஒட்டிய தட்டுக்குப் போய், அதே எண்ணுள்ள அட்டையை எடுத்துவந்து உட்காரும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இது முடியும். காலையில் வந்ததும் “இன்றைக்கு என்ன பாடம்?” என்று கேட்பதற்கு அங்கே ஆள் தேவைப்படுவதில்லை.

ஒரு படிநிலைக்குள் ஐந்து வகை வேலைகள் உண்டு. முதலில் அறிமுகம், பிறகு வலுவூட்டும் பயிற்சிகள், அதன்பின் மதிப்பீடு. மதிப்பீட்டில் வந்துவிட்டால் வளமூட்டும் செயல் ஒன்றைச் செய்துவிட்டு அடுத்த படிக்கு ஏறலாம். வராவிட்டால் குறைதீர் அட்டை; அதை முடித்துவிட்டு மறுபடி மதிப்பீடு. மதிப்பீட்டு அட்டை மற்ற அட்டைகளின் வரிசையிலேயே வருகிறது. அதற்கென்று தேர்வு நாள் கிடையாது, தேர்வுக் காய்ச்சலும் கிடையாது. ஒரே நாளில் ஒரு பிள்ளை மதிப்பீட்டிலும் அதன் பக்கத்துப் பிள்ளை அறிமுகத்திலும் இருக்கும். இருவரையும் ஒப்பிட வழியே இல்லை, ஏனென்றால் இருவரும் ஒரே தாளில் எழுதுவதில்லை. கடலைக் காலம் முடிந்து திரும்பும் பிள்ளை ஏணியைப் பார்க்கிறது, விட்ட சின்னத்தைக் கண்டுபிடிக்கிறது, தொடர்கிறது. தோல்வி என்று எதுவும் பதிவாகவில்லை, நாள் போயிருக்கிறது, அவ்வளவே.

இதில் அதிகம் பேசப்படாத நுட்பம் ஒன்று, உட்காரும் இடம். சில அட்டைகளை ஆசிரியரின் முழு உதவியோடு செய்ய வேண்டும், சிலவற்றை அவருடைய பகுதி உதவியோடு. அடுத்து சக மாணவரின் முழு உதவி, அப்புறம் பகுதி உதவி, அதற்கும் அடுத்துத் தானாகவே செய்வது, கடைசியில் மதிப்பீடு. குழுக்கள் தரையில் வட்டமாக அமர்கின்றன. ஆசிரியர் பக்கத்திலிருந்து எழுந்து, கொஞ்சம் பெரிய அக்காவின் பக்கம் போய், அங்கிருந்தும் எழுந்து தனியே உட்காரும் பிள்ளைக்கு, இந்தப் பாடம் தனக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்பதே கற்றலின் அளவுகோலாக ஆகிவிடுகிறது. மதிப்பெண்ணைவிட இது நேர்மையான அளவுகோல்.

சக மாணவர் உதவி என்பது சென்னைக்குப் புதிதும் இல்லை. எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவரே இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்து 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்று இங்கிலாந்தில் அது பரவியது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையைத் தெரிந்த நமக்கு அதில் வியப்பில்லை. ஆனால் சட்டாம்பிள்ளை முறையில் தீர்ப்பு சட்டாம்பிள்ளையுடையது. ஏணி முறையில் உதவுகிறவர் தீர்ப்புச் சொல்வதில்லை.

ஏணிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தான் எங்கே நிற்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். எப்படி அங்கே வந்தோம், எந்த இடத்தில் தடுமாறினோம் என்பவற்றைக் காட்டாது. அட்டையை முடித்துவிட்டோம் என்ற திருப்தியும் பொருள் புரிந்தது என்ற தெளிவும் வேறு வேறு. மாணவர்களைத் தங்களையே மதிப்பிடச் சொல்லும்போது நன்றாகப் படிப்பவர்கள் தங்களைக் குறைத்தும், தடுமாறுகிறவர்கள் தங்களைக் கூட்டியும் மதிப்பிடும் போக்கு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. ஆஸ்திரேலியக் கல்வியியலாளர் ராய்ஸ் சாட்லர் 1989-ல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதை மாணவர் முதலில் கண்ணால் காண வேண்டும். அதோடு தன் வேலையை வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளியை அடைக்க ஒரு செயல் கைவசம் இருக்க வேண்டும். 1998-ல் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் வகுப்பறை மதிப்பீட்டைப் பற்றி வெளியிட்ட விரிவான தொகுப்பாய்வு, மாணவர் தன்னை மதிப்பிடுவதை ஒரு கூடுதல் வசதியாகக் கருதாமல் கற்றலுக்கு இன்றியமையாத உறுப்பாகவே வைத்தது. குறைதீர் அட்டை சாட்லர் சொன்ன மூன்றாவதைக் கொடுக்கிறது. முதல் இரண்டுக்கும் பேச்சு வேண்டும். “இதை எப்படிக் கண்டுபிடிச்சே?” “எந்த இடத்திலே நின்னுட்டே?” “தங்கச்சிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கணும்னா எங்கிருந்து ஆரம்பிப்பே?” போன்ற கேள்விகளை ஆசிரியர் கேட்காத வகுப்பில் ஏணி வெறும் படமாகத்தான் தொங்கும்.

அந்தப் பேச்சுக்குக் கிராமத்தார் முன்னிலையில் இடம் கொடுத்தது மெட்ரிக் மேளா. பிள்ளைகள் தராசு, அளவு நாடா, லிட்டர் குவளை ஆகியவற்றை வைத்துக்கொண்டு கடை போடுவார்கள். ஊரார் வந்து தங்கள் எடையையும் உயரத்தையும் பார்த்துக்கொள்வார்கள். பொருள்களை நிறுத்துப் பார்ப்பார்கள். கிலோவும் கிராமும் தனக்கு உண்மையில் தெரியுமா என்பது, அம்மாவோ பெரியப்பாவோ எதிரில் நின்று கேள்வி கேட்கும்போது அந்தப் பிள்ளைக்கே விளங்கிவிடும். தாள் திருத்தி இவ்வளவு வேகமாக அதைச் சொல்ல முடியாது.

மதனப்பள்ளியிலிருந்து சீனிவாசபுரம் போகும் சாலையில் மாநில எல்லையைத் தாண்டினால் ராயல்பாடு. இந்த ஊர்ப்பக்கம்தான் டேவிட் ஹார்ஸ்பரோ 1972-ல் நீல்பாக் பள்ளியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையோடு இந்தியாவுக்கு வந்தவர். ரிஷிவேலியில் ஆசிரியராக இருந்தவர். சுற்றுச்சூழல் பாடநூல்களின் ஆசிரியர் என்றும் அறியப்பட்டவர். நீல்பாக்கில் வகுப்புப் பிரிவு கிடையாது, தேர்வு கிடையாது, பரிசும் தண்டனையும் கிடையாது. பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து அவரவர் வேகத்தில் வேலை செய்தார்கள். 1984-ல் அவர் மறைந்தார். ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள் அவரிடமிருந்து பெற்றது அதிகம். ஆனால் ஹார்ஸ்பரோவின் பள்ளி ஹார்ஸ்பரோ போன்ற ஒருவர் இருந்தால்தான் நடக்கும். ஏணியும் அட்டையும் செய்த காரியம், அந்த அறிவைச் சாதாரண ஆசிரியர் ஒருவரின் கைக்கு எட்டும்படி செய்தது. அதில் கொஞ்சம் சுதந்திரம் போய்விட்டது என்பதும் உண்மை. நீல்பாக் பிள்ளையால் தன் வேலையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது, ஏணியில் ஏறும் பிள்ளைக்கு அடுத்த அட்டை ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

மாந்தோப்புகளுக்கு நடுவே சீனிவாசபுரம், கோலார், பெங்களூர், மைசூர் என்று தெற்கே இறங்கும் சாலை, கபினி அணைப் பக்கமுள்ள ஹெக்கடதேவனகோட்டை தாலுகாவில் முடிகிறது. எச்.டி. கோட்டை என்றால்தான் பேருந்து நடத்துநருக்குத் தெரியும். காட்டையொட்டிய இந்தத் தாலுகாவின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, யுனிசெஃப் உதவியோடு 1995-ல் கன்னடத்தில் தங்களுக்கான அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். ‘நலி கலி’ என்று பெயரிடப்பட்ட அந்த முயற்சி 2009 வாக்கில் கர்நாடகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் போயிற்று. தனியார் அமைப்பு ஒன்றின் சிறிய பள்ளிகளில் நடப்பது அரசுப் பள்ளியிலும் நடக்கும் என்று காட்டியதுதான் எச்.டி. கோட்டையின் பங்கு.

தமிழ்நாட்டுக்கு இந்த ஏணி முறை வந்த வழியில் அதிகாரி ஒருவரின் பிடிவாதம் இருக்கிறது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டார்கள். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2003-ல் சில மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய அந்த முறை, அடுத்த சில ஆண்டுகளில் எல்லா மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பரவியது. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பின், 2007-08 கல்வியாண்டில் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 1 முதல் 4-ஆம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்தது.

அன்றைய வகுப்பறையைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடியில், பிள்ளையின் உயரத்துக்கு, ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய கரும்பலகைப் பகுதி. பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். வருகைப் பதிவேட்டில் பிள்ளையே தன் வருகையைக் குறித்தது; ஆரோக்கியச் சக்கரத்தில் பல் துலக்கியதையும் நகம் வெட்டியதையும் அதுவே பதிந்தது; வானிலை அட்டவணையை நிரப்பியதும் அதுவே. இவை விளையாட்டுப் போலத் தோன்றும். உண்மையில் தன்மதிப்பீட்டுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. நகம் வெட்டவில்லை என்று ஆறு வயதில் தானே உண்மையாகக் குறிக்கப் பழகிய பிள்ளைக்கு, கழித்தல் கணக்கு தனக்கு இன்னும் வரவில்லை என்று ஒப்புக்கொள்வது கடினமாக இருக்காது. குறைத்துக் குறித்தால் திட்டு விழும் என்று தெரிந்த இடத்தில் மட்டும்தான் பிள்ளைகள் பொய்யாகக் குறிக்கிறார்கள்.

சிக்கலும் அங்கேதான் வந்தது. ஒரு துணைக்கோள் பள்ளியின் ஏணி அங்குள்ள பிள்ளைகளுக்காகத் தொங்கியது. மாநிலம் முழுவதற்குமான ஏணி, பார்வையிட வரும் ஆசிரியர் பயிற்றுநருக்காகவும் தொங்கியது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்பதை வட்டார வள மையம் கேட்டது. கேட்ட நாளிலிருந்து படிநிலை பிள்ளையின் உடைமையாக இல்லாமல் ஆசிரியரின் சாதனைக் கணக்காயிற்று. பிள்ளை ஏறாவிட்டாலும் அட்டவணையில் ஏற்றிவிடும் பழக்கம் புகுந்தது. அட்டைகள் கிழிந்தன, மாற்று அட்டை வரத் தாமதமாயிற்று. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆறு குழுக்களையும் ஒருவரே கவனிப்பது இயலாததாயிற்று. பெற்றோரின் புகார் வேறு: புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, மதிப்பெண் இல்லை, பிறகு பிள்ளை என்னதான் படிக்கிறது? கிராமத்து மெட்ரிக் மேளா போன்ற ஒன்றை ஒவ்வொரு ஊரிலும் நடத்தியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பிள்ளைகளே பதில் சொல்லியிருப்பார்கள். சில இடங்களில் நடந்தது. பல இடங்களில் பெயருக்கு நடந்தது.

அதன்பின் முறைகள் அடுத்தடுத்து மாறின. செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டது. 2012-13-ல் முப்பருவ முறை வந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. வளரறி மதிப்பீட்டின் நோக்கமே பிள்ளை தன் வளர்ச்சியை அறிவதுதான். அதற்கு மதிப்பெண் கொடுத்ததும் அது இன்னொரு தேர்வாகிப் போயிற்று. கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. வயதுக்குப் பதில் நிலையைப் பார்ப்பது ரிஷிவேலியின் எண்ணத்தோடு ஒத்துப்போவது. ஆனால் நிலையைத் தீர்மானிக்கும் மதிப்பீடு ஆசிரியரின் கைப்பேசிச் செயலியில் நடக்கிறது. அரும்பிலிருந்து மொட்டுக்குப் போக இன்னும் என்ன வேண்டும் என்பதைப் பிள்ளை பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு படமாவது சுவரில் இருக்கலாம். அதற்குச் செலவு ஒரு சார்ட் தாள்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியர் மதிப்பீட்டோடு மாணவரின் தன்மதிப்பீட்டுக்கும் சக மாணவர் மதிப்பீட்டுக்கும் இடம் கேட்கிறது. அதையொட்டி வந்துள்ள மாதிரி அறிக்கைகளில் பிள்ளை நிரப்ப வேண்டிய பக்கங்கள் இருக்கின்றன. ஏட்டில் இப்படி ஒரு பக்கம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் ராயல்பாட்டிலும் ரிஷிவேலிக் கிராமங்களிலும் தன்மதிப்பீடு அன்றாட வேலையின் நடுவில் நிகழ்ந்தது. அதன் முடிவுப்படிதான் அடுத்த அட்டையோ அடுத்த வேலையோ மாறியது. பருவத்துக்கு ஒருமுறை நிரப்பிக் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைக்கும் பக்கத்தால் பிள்ளையின் மறுநாள் பாடம் மாறப்போவதில்லை. மாறாதவரை அதைத் தன்மதிப்பீடு என்று சொல்வதற்கில்லை. அது நிரப்பப்பட்ட படிவம்தான்.